தையல்காரர் மோட்டார் கழற்றிய ஞாயிற்றுக்கிழமை

தையல்காரர் வீட்டில் பல்பு ஒன்று போனால்கூட மச்சினனுக்குத்தான் ஆள் போகும். நாற்காலியில் ஏறிப் பல்பைத் திருகுவதற்குள் அவருக்குத் தலை சுற்றிவிடும். கத்தரிக்கோலையும் ஊசியையும் தவிர வேறு எந்த இரும்பும் அவர் கையில் நிலைத்ததில்லை. அப்படிப்பட்டவர் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குப் படகு மோட்டாரின் கீழ்ப்பாதியைக் கழற்றி, பழைய போர்வையில் சுற்றி, கைக்குழந்தையைப் போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படித்துறையிலிருந்து தெருவழியே நடந்து வந்தால் தெரு சும்மா இருக்குமா? துணி உலர்த்த வந்த மாடிவீட்டம்மா ஒரே சட்டையை மூன்று தடவை உதறினாள். போர்வை நுனியிலிருந்து ஏதோ சொட்டிக்கொண்டே போனதை அவர் வீட்டு வாசல்வரைக்கும் எண்ணினாள் என்றுகூடச் சொல்கிறார்கள்.

மோட்டார் அவருடையதல்ல, அவர் மனைவியுடையது. அவள் டீச்சர். எதிர்க்கரைப் பள்ளிக்கூடத்துக்குத் தினமும் காலையில் தானே படகை ஓட்டிக்கொண்டு போவாள், மாலையில் ஓட்டிக்கொண்டு வருவாள். நடுவில் கழிமுகம். கடலின் ஏற்றம் வடிந்து வற்றம் இறங்கும் நேரத்தில் அங்கே தண்ணீர் கடலைப் பார்த்து இழுக்கும். போன வருஷம் ஐஸ் வியாபாரியின் மோட்டார் சரியாக அந்த இடத்தில் நின்றுபோய், மறுநாள் மத்தியானம்தான் ஆளைத் தேடிக் கொண்டுவந்தார்கள். அவர் இன்றைக்கும் வாளித் தண்ணீரைப் பார்த்தால்கூட முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். தையல்காரருக்கு நீச்சல் தெரியாது. கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் அவர் நடுத்தண்ணீர்வரை போனதே இல்லை. ஆனால் மனைவியின் படகு அங்கே இருக்கும் நேரம் எது என்று அவருக்குத் தெரியும். காலை ஏழேகாலுக்கு அவருடைய தையல் மெஷின் ஐந்து நிமிஷம் நிற்கும். வாடிக்கைக்காரர்கள் அதை நூல் மாற்றுகிற நேரம் என்று நினைத்திருந்தார்கள்.

திங்கட்கிழமை ஆண்டுப் பரீட்சை. கேள்வித்தாள் கட்டு டீச்சர் கையில். எட்டு மணிக்குள் அவள் அக்கரையில் இருந்தாக வேண்டும். இந்த நேரம் பார்த்து, சனிக்கிழமை மாலை பெட்ரோல் பார்க்கப் படித்துறைக்குப் போனவள் மோட்டாரைச் சுற்றித் தண்ணீரில் வானவில் விரிந்திருப்பதைப் பார்த்துவிட்டாள். கியர் ஆயில் கசிகிறது. தம்பியைக் கூப்பிடுங்கள் என்றாள். அவள் தம்பி படித்துறை ஓரத்திலேயே பட்டறை வைத்திருக்கும் படகு மெக்கானிக். நியாயமாகப் பார்த்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்க வேண்டும். தையல்காரர்தான் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை அவனை ஏன் தொந்தரவு செய்ய வேண்டும், நானே பார்த்துவிடுகிறேன் என்றார். டீச்சர் அவர் நெற்றியில் கை வைத்துப் பார்க்காததுதான் பாக்கி.

மடியில் கனமிருந்தது, அதனால்தான் மச்சினன் என்ற வழியில் பயம். இரண்டு வருஷம் முன்பு தையல்காரர் தூண்டில் போடும்போது முள் வலது ஆள்காட்டி விரலில் ஏறி, எலும்புவரை தொட்டு, ஆறு வாரம் ஊசி பிடிக்க முடியாமல் போயிற்று. தெருவில் பாதிப் பேர் அந்த ஆறு வாரமும் பட்டனில்லாத சட்டையோடு திரிந்தார்கள். அன்றைக்கு டீச்சர் அவர் கையைக் கத்தரிக்கோல்மேல் வைக்கச்சொல்லி, இனித் தூண்டிலைத் தொடுவதில்லை என்று சத்தியம் வாங்கினாள். தொடவில்லைதான், அவள் வீட்டில் இருந்த நாட்களில். இந்தச் சனிக்கிழமை பரீட்சைக் கூட்டத்துக்கென்று அவள் பஸ் ஏறிய அரைமணி நேரத்தில் அவர் படகில் ஏறிவிட்டார். தூரமெல்லாம் போகவில்லை. இந்தக் கரையிலேயே, நாணல் ஓரமாக, இடுப்பளவு தண்ணீரில். மீன் ஒன்றும் மாட்டவில்லை. தூண்டில் நரம்பு மட்டும் மோட்டார் விசிறியில் போய்ச் சுற்றிக்கொண்டது. நூல் பிரிக்கும் சின்னக் கத்தரியால் வெளியே தெரிந்ததையெல்லாம் வெட்டியெடுத்தார். விசிறிக்குப் பின்னால் உள்ளே போனதை அவர் பார்க்கவில்லை. மச்சினன் பார்ப்பான். பார்த்தால் அக்காவிடம் சொல்வான். இதுதான் கணக்கு.

முன்னறையில் துணி வெட்டும் மேசைமேல் ரெக்சின் விரித்து அதைப் படுக்கவைத்தார். அதற்கு அவர் வைத்த பெயர் 'கால்'. கால்சட்டை தைக்கிறவருக்கு வேறு என்ன தோன்றும்? செய்முறைக்குக் கைபேசியில் ஒரு வீடியோ. ஆயிலை வடித்தார். பால் அதிகமாகிப்போன காப்பி மாதிரி வந்தது. உள்ளே தண்ணீர் புகுந்தால் அப்படித்தான் வரும் என்று வீடியோக்காரர் சொல்லி முடிப்பதற்குள் தையல்காரர் ஸ்பானரைத் தேடத் தொடங்கினார். விசிறியைக் கழற்றினார். பின்னால், தண்டைச் சுற்றி, பாபினில் சுற்றிய நூல்போல இறுக்கமாக ஒரு நரம்பு வளையம். தெருப்பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, அதை வெட்டிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

வளையத்துக்கு உள்ளே ஒரு மூடி. மூடிக்குள் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு ரப்பர் சீல்கள். ஆயில் வெளியே வராமலும் தண்ணீர் உள்ளே போகாமலும் தண்டைக் கவ்விப் பிடித்திருப்பவை அவைதான். இரண்டும் அறுந்திருந்தன. இந்த இடத்தில் தையல்காரர் தன் தொழில் புத்தியைக் காட்டினார். பிரித்துத் தைக்கிற துணி எதுவானாலும் அடையாளம் போடாமல் அவர் பிரிப்பதில்லை. ஒவ்வொரு சீலும் வெளியே வர வர, வெளிப்புறம் பார்த்திருந்த முகத்தில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு கிழித்தார். வந்த வரிசையிலேயே இரண்டையும் ஊக்கில் கோத்தார். அதைக் கடைக்குக் கொண்டுபோய்க் காட்டி, ஒரு மணிக்குக் கதவடைக்கிற பேரிங் கடையில் பன்னிரண்டே முக்காலுக்கு அதே அளவில் இரண்டு புதுச் சீல் வாங்கிவிட்டார். அந்த அளவில் அங்கே இருந்ததே இரண்டுதான்.

வீட்டுக்கு வந்ததும் ஊக்கை ஊசி மெத்தையில் குத்திவைத்தார். அதோடு அதை மறந்தும்போனார்.

சீலுக்கு இரண்டு முகம். ஒரு பக்கம் வழவழப்பாக, எண் அச்சடித்து, பார்க்க லட்சணமாக இருக்கும். மறுபக்கம் ஓரம் மடிந்து, சின்னச் சுருள்கம்பி தெரிந்து, குடலை வெளியே காட்டிக்கொண்டிருக்கும். முப்பது வருஷம் துணி தைத்த கைக்கு இதில் யோசிக்க என்ன இருக்கிறது? எண் போட்டது நல்ல பக்கம், தையல் தெரிவது உள்பக்கம். நல்ல பக்கத்தை வெளியே வைக்காத தையல்காரன் உண்டா? வீடியோவில் அந்த இடம் வந்தபோது பேசிக்கொண்டிருந்த மனிதரின் கட்டைவிரல் எல்லாவற்றையும் மறைத்தது. தையல்காரர் காலியான நூல்கண்டுக் கட்டையை மேலே வைத்துச் சுத்தியலால் தட்டி, இரண்டு சீலையும் நல்ல பக்கம் வெளியே தெரிய அடித்து உட்காரவைத்தார். உட்கார்ந்த அழகைப் பார்த்து அவருக்கே பெருமையாக இருந்தது.

சோதனை பார்க்கும்போது டீச்சரும் வந்து நின்றாள். துணி ஊறவைக்கிற பெரிய தொட்டியில் தண்ணீர். காலின் வடிகால் துளையில் சைக்கிள் பம்பின் குழாயைப் பொருத்திக் காற்றடித்துத் தொட்டிக்குள் முக்கினார். கசிவு இருந்தால் குமிழி வரும். இருவரும் முட்டி போட்டுக் குனிந்து பார்த்தார்கள். ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். அவர் நெற்றியிலிருந்து வியர்வை சொட்டியதுதான் தண்ணீரில் விழுந்த ஒரே வட்டம். குமிழி ஒன்றுகூட இல்லை. பம்பில் இருந்த அழுத்தமானியின் முள்ளும் ஏற்றிவைத்த இடத்திலேயே நின்றது.

புது ஆயில் ஊற்றி, நாலு மணிக்குள் காலைப் படகில் பொருத்தியும் ஆயிற்று. வழியில் கண்டவர்களெல்லாம் விசாரித்தார்கள். அவரும் நின்று நிதானமாகப் பதில் சொன்னார். ஆளைக் கையில் பிடிக்க முடியவில்லை.

ஐந்து மணிக்கு மேசையைத் துடைத்து, திங்கட்கிழமை கொடுக்க வேண்டிய கால்சட்டையை எடுத்தவர் ஊசிக்காகக் கை நீட்டினார். ஊக்கு கையில் வந்தது. அதில் பழைய சீல்கள் இரண்டும் தொங்கின.

ஒன்றில் கோடு எண் போட்ட முகத்தில் இருந்தது. மற்றொன்றில் சுருள்கம்பி தெரிகிற முகத்தில்.

முதலில் தான்தான் தப்பாகக் கிழித்துவிட்டோம் என்று நினைத்தார். பிறகு, தன் வாழ்நாளில் அடையாளத்தைத் தப்பாகப் போட்டதே இல்லை என்பது நினைவுக்கு வந்தது. நாற்காலியில் உட்கார்ந்தார். உள்சீல் உள்ளே பார்த்து ஆயிலைத் தடுக்கிறது. வெளிச்சீல் வெளியே பார்த்துத் தண்ணீரைத் தடுக்கிறது. முதுகோடு முதுகாக உட்கார்ந்த இரண்டு காவல்காரர்கள். இவர் இரண்டு பேரையும் வீட்டுக்குள்ளேயே பார்த்து உட்காரவைத்துவிட்டார். உள்ளேயிருந்து எதுவும் வெளியே போகாது, சரி. வெளியேயிருந்து வருவதை யார் பார்ப்பது? காற்றடித்துச் சோதித்தபோது ஏன் குமிழி வரவில்லை என்பதும் இப்போது விளங்கியது. விளங்கி என்ன பயன்? அடித்து ஏற்றிய சீலைக் கழற்றினால் கிழிந்துபோகும். பேரிங் கடை பூட்டியாயிற்று. மாற்றுச் சீல் இருக்கிற ஒரே இடம் மச்சினனின் அலமாரி.

அடுத்த அரைமணி நேரம் அவர் பட்ட பாட்டைத் தெருவே பார்த்தது. பட்டறைப் பக்கம் பத்தடி நடப்பார், திரும்புவார். ஆயில் வெளியே வரவில்லையே, வானவில் தெரியாதே, ஒரு நாள் தாங்காதா என்று ஒரு மனம். ஒரு நாள் தாங்கும் என்று உனக்கு யார் சொன்னது, நீ சட்டைக் காலருக்குத்தான் உத்தரவாதம் கொடுக்கிறவன் என்று இன்னொரு மனம். மூன்றாவது தடவை திரும்பியபோது மாடிவீட்டம்மா மேலேயிருந்து, ஏதாவது தொலைந்துபோயிற்றா என்று கேட்டாள். ஊசி என்றார். தெருவில் ஊசி தேடுகிறவரை அவள் முதல்முறையாகப் பார்த்தாள்.

வீட்டுக்குள் டீச்சர் கேள்வித்தாள் கட்டைப் பிளாஸ்டிக் பையில் வைத்து, அதை இன்னொரு பையில் வைத்துக்கொண்டிருந்தாள். நிமிராமலே பேசினாள்.

"இத்தனை வருஷமா சொன்னதில்ல. கழிமுகம் வந்தா எனக்கு உள்ளங்கை வேர்த்துடும். நாளைக்குத்தான் பயமில்லாம போகப் போறேன்."

"ஏன், நாளைக்கு என்ன?"

"உங்க குணம் எனக்குத் தெரியாதா? ஒரு பட்டன் கோணலா இருந்தாலும் பிரிச்சுத் தைப்பீங்க. இதையா சும்மா விட்டிருப்பீங்க?"

தையல்காரர், தைத்து முடித்த கால்சட்டையைக் கொடுத்துவிட்டு வருவதாகச் சொல்லிக் கிளம்பினார். கால்சட்டையை எடுக்க மறந்துவிட்டார். இந்தத் தடவை திரும்பவில்லை.

பட்டறையில் மச்சினன் பைக் கழுவிக்கொண்டிருந்தான். மாமன் சொன்னதைக் கேட்டான். சிரிக்கவில்லை, அதுதான் மோசமாக இருந்தது. காலை மறுபடி கழற்றி, ஆயிலை வடித்து, வேறொரு கைப்பம்பை மாட்டினான். அது காற்றை அடிக்கிற பம்பு இல்லை, உறிஞ்சுகிற பம்பு. உள்ளே வெற்றிடமானதும் அதன் முள் கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு மெதுவாக, ஒரு அவசரமும் இல்லாமல், பூஜ்யத்துக்கு இறங்கியது. இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"மாப்ளே, இப்படியே போயிருந்தா என்ன ஆகும்?"

"நாளைக்கு ஓடும் மாமா. பத்து நாள்கூட ஓடும். அப்புறம் ஒருநாள் கியர் பிடிச்சு நின்னுடும். எந்த நாள்னு மட்டும் கேக்காதீங்க, அது அதுக்கே தெரியாது."

புதுச் சீலை அவன் போட்ட விதத்தைத் தையல்காரர் கண்கொட்டாமல் பார்த்தார். ஒன்று உள்ளே பார்த்து, ஒன்று வெளியே பார்த்து, நடுவில் கிரீஸ். மறுபடி உறிஞ்சிப் பார்த்தார்கள். முள் நின்றது. தையல்காரர் ஐந்து நிமிஷம் பார்க்கச் சொன்னார். ஐந்து நிமிஷமும் நின்றது. மச்சினன் துணியால் தண்டைத் துடைத்தவன், அதில் ஒட்டியிருந்த ஒரு மெல்லிய துணுக்கை நகத்தால் பிரித்தெடுத்து வெளிச்சத்தில் பிடித்தான்.

"மாமா, இது எந்தச் சட்டைக்கு வாங்கின நூல்?"

தையல்காரர் பட்டறையின் கூரையைப் பார்த்தார். கூரையில் ஒன்றுமில்லை.

"நானா போய்ச் சொல்ல மாட்டேன்," என்றான் மச்சினன். "ஆனா அக்கா கேட்டா சொல்லிடுவேன். அவகிட்ட பொய் சொல்லி நான் ஜெயிச்சதே இல்ல."

தெருவிளக்கு எரியும் நேரத்துக்குப் புது ஆயிலோடு கால் படகில் மறுபடி ஏறிவிட்டது. தையல்காரர் வீட்டுக்கு வந்தார். மோட்டார் இப்போது உண்மையாகவே சரியாகிவிட்டது. வாயைத் திறக்க ஒரு அவசியமும் இல்லை. அப்படியே விட்டிருந்தால் கதை இதோடு முடிந்திருக்கும், தெருவுக்கும் ஒரு வாரத்துக்கான பேச்சு குறைந்திருக்கும்.

காலையில் அவளோடு படித்துறைக்குப் போனார். டீச்சர் பையைப் படகில் வைத்து, மோட்டாரைத் தண்ணீரில் இறக்கினாள். பட்டறை வாசலில் தம்பி பல் துலக்கிக்கொண்டு நின்றான். அவனுக்குக் கேட்கும்படி அவள் குரலை உயர்த்தினாள்.

"இனிமே உனக்கு வேலை இல்லடா. மோட்டாருக்கு எது வந்தாலும் என் வீட்டுக்காரரே பாத்துப்பாரு. உன் பட்டறை வாசலைக்கூட மிதிக்க மாட்டேன்."

தம்பி வாயில் பிரஷ்ஷோடு மாமனைப் பார்த்தான். தையல்காரர் மோட்டாரைப் பார்த்தார். இந்த ஒரு நாள் தப்பித்தாயிற்று. அடுத்த தடவை? அதற்கடுத்த தடவை? மோட்டாரில் எத்தனை உறுப்புகள், அவற்றில் எதற்கெல்லாம் நல்ல பக்கம் கெட்ட பக்கம் உண்டு? எல்லாவற்றையும் இவர் கையில் கொடுத்துவிட்டு, அவள் பயமில்லாமல் நடுத்தண்ணீருக்குப் போய்க்கொண்டே இருப்பாள்.

"ஒரு விஷயம் சொல்லணும்," என்றார்.

"சாயந்தரம் வந்து கேக்கறேனே."

"இல்ல. போறதுக்கு முன்னாடி."

சட்டைப் பையிலிருந்து நரம்பு வளையத்தை எடுத்து அவள் கையில் வைத்தார். நாணல் ஓரத்தில் தொடங்கி, சீல் திரும்பிப்போனது, முள் இறங்கியது, நேற்று மாலை மச்சினன் எல்லாவற்றையும் மாற்றியதுவரை ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். முடித்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார். பதினாறு வருஷத்தில் அவர் ஒளித்துவைத்தது எதுவும் அவளுக்குத் தெரியாமல் இருந்ததில்லை. அந்தத் தைரியம் கொஞ்சம் மிச்சமிருந்தது.

"உனக்கு முன்னாடியே தெரியும்தானே?"

"தெரியாது."

அவள் வளையத்தை விரலில் மாட்டிச் சுற்றிப் பார்த்தாள்.

"தெருவுக்குத் தெரிஞ்சிருக்கும். தம்பிக்குத் தெரியும். மீனுக்குத் தெரியும். எனக்கு இப்பதான் தெரியும்." பிறகு, "ஏறுங்க," என்றாள்.

"நானா? கடையில ஆறு கால்சட்டை—"

"ஏறுங்க."

ஏறினார். மிதவைச் சட்டையைத் தூக்கிப் போட்டாள், மாட்டிக்கொண்டார். துடுப்பைத் தூக்கி மடியில் வைத்தாள், கட்டிக்கொண்டார். மோட்டார் முதல் இழுப்பிலேயே பிடித்தது. தையல்காரர் படகின் முனையில், பின்பக்கம் திரும்பி உட்கார்ந்து, மோட்டாருக்குப் பின்னால் விரிந்துகொண்டே போன தண்ணீரைப் பார்த்தபடி வந்தார். வானவில் இல்லை. அவள் அவரைப் பார்க்கவில்லை, அக்கரையைத்தான் பார்த்தாள். கரை சின்னதாயிற்று. மாடிவீட்டம்மாவின் மாடி ஒரு தீப்பெட்டியாயிற்று. பிறகு தண்ணீரின் நிறம் மாறியது.

அங்கே அவள் மோட்டாரை அணைத்தாள்.

இவ்வளவு அமைதியை அவர் கேட்டதில்லை. படகு நின்றமாதிரிதான் இருந்தது. ஆனால் அவர் தலையைத் திருப்பினால், அக்கரைப் பள்ளிக்கூடத்தின் ஓட்டுக்கூரை, பார்த்துக்கொண்டிருக்கும்போதே, மெதுவாக இடப்பக்கம் நகர்ந்தது. கூரை நகரவில்லை, தாங்கள்தான் நகர்கிறோம் என்பது புரிந்தபோது அவர் துடுப்பை இன்னும் இறுக்கினார். அடியில் தண்ணீர் படகின் வயிற்றைத் தடவிக்கொண்டே போகிற சத்தம் கேட்டது. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஏழேகால்.

"இதுதான் அந்த இடம்," என்றாள். "தினமும் இங்க வந்தா மூச்சைப் பிடிச்சுக்குவேன். நேத்துதான் நல்லா தூங்கினேன்."

அவர் கடிகாரத்தை மறுபடி பார்த்தார்.

அவள் எழுந்து கயிற்றை இழுத்தாள். மோட்டார் இருமியது, நின்றது. மறுபடி இழுத்தாள். இருமல்கூட இல்லை. கூரை இன்னும் நகர்ந்தது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டதை அவர் பார்த்தார்; இந்தப் பகுதி அவள் போட்ட திட்டத்தில் இல்லை என்பது தெரிந்தது. துடுப்பைத் தண்ணீரில் இறக்கினார். எந்தப் பக்கம் தள்ள வேண்டும் என்று தெரியாமலே தள்ளினார். படகு தன்னைத்தானே சுற்றத் தொடங்கியது. மூன்றாவது இழுப்பில் மோட்டார் பிடித்தது.

இழுபட்டுப் போன தூரத்தையும் எதிர்த்து ஏற வேண்டியிருந்தது. அக்கரைக்கு எட்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது போய்ச் சேர்ந்தார்கள். டீச்சர் உள்ளங்கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, கேள்வித்தாள் பையை எடுத்து, கரையில் இறங்கினாள். நாலடி போய்த் திரும்பினாள்.

"இனிமே மோட்டாருக்கு எது வந்தாலும் தம்பிதான். அது என் பாடு. தினமும் காலையில என்கூட அந்த நடுத்தண்ணியத் தாண்டி இங்க வர்றது உங்க பாடு. பரீட்சை முடியுற வரைக்கும்."

"நான் இப்ப எப்படித் திரும்பிப் போறது?"

"நாலு மணிக்கு. வந்த வழியாத்தான்."

அன்று தெருவில் தையல் கடை பூட்டிக் கிடந்தது. மாடிவீட்டம்மாவுக்கு உலர்த்த அவ்வளவு துணி எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, ஐந்து தடவை மாடிக்கு வந்துபோனாள். அக்கரையில் தையல்காரர் படகோரம் குந்தி உட்கார்ந்து, அரைமணிக்கு ஒருதரம் மோட்டாருக்கு அடியில் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். எண்ணெய்ப் படலம் எதுவும் இல்லை. அதில் அவருக்கு நிம்மதிதான். ஆனாலும் துடுப்பைக் கையிலிருந்து கீழே வைக்கவில்லை. மணி இன்னும் பத்தரைகூட ஆகவில்லை, நாலு மணிக்குத் தண்ணீர் எந்தப் பக்கம் இழுக்கும் என்று யாரிடமாவது கேட்டுவைக்க வேண்டும்.